அளந்து போட்டது யார்? ஊட்டச்சத்தின் சாதி வரலாறு

செப்டம்பர் மாதம் வந்துவிட்டால் அங்கன்வாடிச் சுவர்களில் ஒரு தட்டின் படம் ஏறிவிடும். 2018 முதல் அந்த மாதத்தை ஊட்டச்சத்து மாதமாக அரசு கொண்டாடிவருகிறது. சோறு, பருப்பு, கீரை, பழம், பால் என்று தட்டு பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். அண்மைக் காலமாக 'முழுமையான ஊட்டச்சத்து' என்ற பேச்சும் இதோடு சேர்ந்துகொண்டது. உணவு என்பது வயிற்றோடு முடிந்துவிடுவதில்லை. உறக்கம், மனநிலை, உறவுகள், உழைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நமக்கு அதில் மறுப்பில்லை. 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனமே உடல், மனம், சமூகம் மூன்றும் நலமாக இருப்பதைத்தான் ஆரோக்கியம் என்கிறது.

ஆனால் அந்த மூன்றாவது சொல்லைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் விரித்துச் சொல்வதில்லை. சுவரில் இருக்கும் தட்டுக்குத் தெரு கிடையாது. அதில் சோறு போட்ட கை தெரியாது. அந்தச் சோற்றுக்கு எத்தனை மணி நேரம் நடவு நட்டார்கள் என்பதும் தெரியாது. அந்தத் தட்டு சேரிக்கு எப்படி அளக்கப்பட்டது என்ற கதையை ஏறத்தாழ 150 ஆண்டுகள் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். ஆண்டுகளும் எண்களும் கொஞ்சம் கூடுதலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய பசியைப் பற்றி எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் எண்களில்தான் எழுதியிருக்கிறார்கள்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியது. பஞ்ச நிவாரண வேலைகளில் கல் உடைத்தும் மண் சுமந்தும் கூலி வாங்கியவர்களில் பெரும்பகுதி நிலமற்றவர்கள். 1877 சனவரியில் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்து உயிர்களைக் காப்பாற்றியவர் அவர். அப்படிச் செலவழித்ததற்காகவே மேலிடத்தில் திட்டு வாங்கியவரும் கூட. இம்முறை பாடம் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஒரு நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது இன்றைய கணக்கில் சுமார் 450 கிராம். வரலாற்றில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதை எதிர்த்து நின்றவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் வில்லியம் கார்னிஷ். கல் உடைக்கும் உடம்பு ஒரு பவுண்டு தானியத்தில் நிற்காது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், அதோடு காய்கறியும் பருப்பும் சேர வேண்டும் என்று அவர் எழுதினார். சிறையில் இருக்கும் கைதிக்கே இதைவிடக் கூடுதலாகத் தருகிறீர்களே என்றும் சுட்டிக்காட்டினார். வெறும் தானியம் வயிற்றை நிரப்பும், உடலைக் காப்பாற்றாது என்ற வாதம், இன்று நாம் 'சரிவிகித உணவு' என்று சொல்வதன் தொடக்க வடிவம். சென்னை மாகாணத்தில் அந்த வாதம் பல்கலைக்கழக மண்டபத்தில் எழவில்லை. பஞ்ச முகாமில், எலும்பும் தோலுமாய் நின்ற கூலிகளைப் பார்த்துத்தான் எழுந்தது. சில மாதங்களில் கூலியை மீண்டும் உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்குத் தனிக் கணக்கில்லை. பஞ்சத்தின் மொத்தச் சாவு பல லட்சம்.

டெம்பிளும் கார்னிஷும் முட்டிக்கொண்ட அந்தக் கேள்வியை வாசிக்கும் சமூகவியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவருமே 'கூலி' என்ற உடலைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த உடல் ஏன் முதல் மழை பொய்த்த உடனேயே முகாமுக்கு வந்து நின்றது என்ற கேள்வி கோப்பில் ஏறவில்லை. ஏற 1891 ஆகவேண்டியிருந்தது. அந்த ஆண்டு செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர், தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். கூலி, கடன், குடிசை, அடிமைத்தனம் என்று பார்த்துக்கொண்டே போனவர் கடைசியில் வந்து நின்ற இடம் நிலம். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் நம்மவர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. நம்மைக் கேட்டால், இந்த மண்ணில் போடப்பட்ட முதல் பெரிய ஊட்டச்சத்துத் திட்டம் அதுதான் என்போம். சொந்த நிலத்தில் ஒரு வரப்புக் கீரையும் ஒரு கோழியும் இருந்தால் வீட்டுச் சாப்பாடு மாறிவிடும். அந்த நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்பதை நாம் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

நிலத்தைப் பறிப்பதும் சாப்பாட்டைப் பறிப்பதும் ஒன்றுதான் என்பது ஆதிக்கம் செய்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1930 திசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. தங்கம், வெள்ளி அணியக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்பவை பலருக்கும் தெரியும். அந்தப் பட்டியலில் வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்திருக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. அடுத்த ஆண்டு பட்டியல் பதினொன்றாக நீண்டது. தங்கள் நிலத்தை மிராசுதாரர்களுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழையை நம்பி எதையாவது விளைவித்தாலும் அறுவடைக்கு நிற்கும்போது கொள்ளையடிக்கப்படும். காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணிவரை வேலை செய்ய வேண்டும், ஆணுக்கு நான்கணா, பெண்ணுக்கு இரண்டணா. பிள்ளைகள் படிக்கக் கூடாது. ஊட்டச்சத்துப் பாடப்புத்தகம் உணவுப் பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்கிறதோ, அதாவது நிலம், நீர், வருமானம், கல்வி, சமையல் பாத்திரம், அத்தனையையும் ஒன்றுவிடாமல் அடைத்த பட்டியல் இது. பெண்ணுக்கு ஆணில் பாதிக் கூலி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தசோகையைப் பற்றிப் பேசும்போது திரும்பத் தேவைப்படும்.

இது தமிழ்நாட்டோடு நின்ற வழக்கமில்லை. பாபாசாகேப் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் செய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்து நிகழ்வு ஒன்று வருகிறது. தீர்த்த யாத்திரை முடித்து வந்த தீண்டப்படாதார் ஒருவர் தன் சாதியாருக்கு விருந்து வைத்தார். பதார்த்தங்களில் நெய் ஊற்றியிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே ஊர் இந்துக்கள் தடிகளோடு வந்து உணவைப் பாழாக்கி, உண்டவர்களை அடித்துத் துரத்தினார்கள். நெய் மேல்சாதியின் அடையாளம், அதை நீ எப்படிச் சாப்பிடலாம் என்பதே குற்றச்சாட்டு. காசு இருந்தது, நெய்யும் இருந்தது. வறுமைதான் ஊட்டச்சத்துக் குறைவுக்குக் காரணம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகிறவர்களுக்குச் சக்வாராவை எடுத்துச் சொல்லுங்கள்.

இதே காலத்தில்தான் நம் நீலகிரியில், குன்னூரில், நவீன ஊட்டச்சத்து அறிவியல் வளர்ந்துகொண்டிருந்தது. பெரிபெரி நோயை ஆராய 1918இல் அங்கே ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அதுதான் பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அதை நடத்திய ராபர்ட் மெக்காரிசன் ஒரு புகழ்பெற்ற சோதனை செய்தார். இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரத்தாரும் உண்பதாகக் கருதிய உணவை எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். கோதுமையும் பாலும் நெய்யும் தின்ற 'சீக்கிய' எலி கொழுத்து முதலிடத்தில் நின்றது. தீட்டிய அரிசி தின்ற 'மதராசி' எலி கடைசியில் நோஞ்சானாக நின்றது. தீட்டிய அரிசியில் தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது, புழுங்கலில் ஓரளவு தங்குகிறது என்பதெல்லாம் அந்த ஆய்வு மரபு நமக்குத் தந்த உண்மைகள். அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 'மதராசி உணவு' என்று ஒன்று எங்கே இருந்தது? தஞ்சாவூர் மிராசுதார் வீட்டில் தயிரும் நெய்யும் ஓடியது. அதே ஊரின் பண்ணையாள் வீட்டில் நேற்றைய கஞ்சி. இரண்டும் ஒரே கூண்டுக்குள் எப்படி அடங்கின? பிரதேசத்தை எழுதிய அறிவியல் சாதியை எழுத மறந்தது. இன்றும் பெரும்பாலான உணவு அட்டவணைகள் அப்படித்தான் இருக்கின்றன.

கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதற்குத்தான் சாணிப்பால் என்று பெயர். 1940களில் பி. சீனிவாச ராவ் போன்றோர் கட்டிய விவசாயிகள் இயக்கம் முதலில் ஒழித்தவை இந்த இரண்டையும்தான். கூலியோ தொடர்ந்து நெல்லாகவே அளக்கப்பட்டது. மரக்கால், படி, அரைப்படி என்று அளக்கும் கை எப்போதும் ஆண்டையின் கை. அந்த அளவை அரைப்படி உயர்த்திக் கேட்டதில்தான் கீழ்வெண்மணியின் பகை மூண்டது. 1968 திசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்துவிட்டது. வெண்மணியை நாம் கூலிப் போராட்டம் என்று சொல்கிறோம், சாதி வன்கொடுமை என்று சொல்கிறோம், இரண்டும் சரி. அரைப்படி நெல்லைக் குத்தினால் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு என்று கேட்ட தாய்களின் போராட்டம் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அது பட்டியலிடும் முதல் குற்றம் எது தெரியுமா? உண்ணத் தகாத, அருவருப்பான பொருளைப் பட்டியல் சாதி, பழங்குடியினரை உண்ணவோ குடிக்கவோ செய்வது. சாணிப்பால் சட்டத்தின் முதல் வரிக்கு வந்து சேர அத்தனை காலம் ஆயிற்று. வந்த பிறகும் 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியம் நடந்தது. 2022 திசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்லி, நம் குடியிருப்புக்கான மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மலம் கிடந்தது. நீரில்லாத ஊட்டச்சத்து எங்கும் கிடையாது.

இத்தனைக்கும் நடுவே நாம் பெருமையோடு பேசக்கூடிய வரலாறும் ஒன்றுண்டு. பள்ளிச் சாப்பாடு. 1894இல் சென்னையில் கர்னல் ஆல்காட் பஞ்சமர்களுக்கென இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் அந்த முயற்சியோடு நெருங்கி நின்றவர். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்து வகுப்பில் துவண்டு விழுந்ததைக் கண்டு அப்பள்ளிகளில் உணவு வழங்கப்பட்டதைத் தலித் வரலாற்று ஆய்வாளர்கள் தொடர்ந்து எடுத்துச் சொல்லிவருகிறார்கள். மதிய உணவின் கதையை 1920இலிருந்து மட்டும் தொடங்கும் மேடைப் பேச்சுகளுக்கு இது பெரும்பாலும் எட்டுவதில்லை. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டித் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசு தடுத்ததால் 1925இல் திட்டம் நின்றுபோய்ப் பிறகு மீண்டும் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் உழைப்போடு அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கியபோது, பள்ளிக்கூடத்தைக் கஞ்சித்தொட்டி ஆக்குகிறார் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010இல் அது வாரத்துக்கு ஐந்தானது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது.

முட்டையை எண்ணிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல மாநிலங்களில் இன்றும் பள்ளித் தட்டில் முட்டையை வைக்க விடுவதில்லை. 2021இல் கர்நாடகத்தில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, பி12 இருக்கிறது. அதை எதிர்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்குப் பாலும் பன்னீரும் பாதாமும் கிடைக்கும். நம் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்தால்தான் உண்டு.

திட்டத்தின் உண்மையான பலம் முட்டையைவிடப் பந்தியில் இருக்கிறது. ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே அண்டாவிலிருந்து வாங்கிச் சாப்பிடுவதைக் கோயிலும் கல்யாண வீடும் தேநீர்க்கடையும் செய்யவில்லை. இரட்டைக் குவளை வைத்திருந்த ஊரிலும் பள்ளிக்கூடத்தில் ஒரே அண்டாதான். அதனால்தான் சாதி இப்போது தட்டை விட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டது. யார் சமைப்பது என்பதே இன்றைய சண்டை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளிக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சமையலராக வந்ததும் ஆதிக்க சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள். நம் அமைப்புகள் தெருவில் இறங்கிய பிறகுதான் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டு வழக்கும் பதிவானது. 2023இல் காலை உணவு விரிவானதும் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகிலும் கரூர் மாவட்டத்திலும் இதே கதை. ஆறு வயதுக் குழந்தைக்கு உப்புமா பிடிக்காமல் போகலாம். சமைத்தவரின் சாதி பிடிக்காமல் போவதற்கு வீட்டில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். வயல் நண்டு, நத்தை, கெண்டைக் குஞ்சு, வரப்பில் பறித்த குப்பைமேனி தவிர்த்த அத்தனை கீரை, மாட்டுக்கறி, இரத்தப் பொரியல், குடல், கேழ்வரகுக் கூழ், கம்பங்களி. கூலி நெல் போதாத வீடுகளை நிமிர்த்தி நிறுத்தியவை இவை. மாட்டிறைச்சியின் இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. 'சேரிச் சாப்பாடு' என்று முகம் சுளிக்கப்பட்ட கூழ், 2023ஆம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டு ஆனபின் கண்ணாடிப் புட்டியில் ஏறி நமக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. மாட்டுக்கறிக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை. 'உணவே மருந்து' என்று மேடையில் முழங்குகிறவர்கள் அதைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடுவதில்லை. அயோத்திதாசர் ஒரு சித்த மருத்துவர் என்பதும் அந்த மேடைகளில் நினைவுக்கு வராது. மராத்தியில் சாகு பட்டோலே தன் மக்களின் சமையலை ஒரு நூலாகவே எழுதிவிட்டார். தமிழில் நம் ஆயாக்களின் சமையலை யார் எழுதப்போகிறோம்?

அதற்காகப் பழையதை எல்லாம் பொற்காலம் ஆக்கிவிடவும் வேண்டாம். செத்த மாட்டைத் தின்னும் நிலை சாதி நம்மீது சுமத்தியது. அதைக் கைவிடச் சொல்லி நம் முன்னோர் இயக்கமே நடத்தினார்கள். கூழும் பல நேரம் விருப்பத்தால் குடித்ததில்லை. பூச்சிமருந்து வந்து வயல் நண்டு போனது, ரேசனில் அரிசி வந்தது. 2011 முதல் அது இலவசமாகவே கிடைக்கிறது. பட்டினிச்சாவைத் தடுத்தது அந்த அரிசிதான், அதைக் கேலி பேசுகிறவர்களோடு நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் தீட்டிய அரிசியும் வரத்தேநீரும் மட்டும் ஒரு பெண்ணின் உடலில் இரத்தம் ஊறப் போதாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எங்கள் களப்பணியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் ஒன்று கேட்போம்: வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? பதிலுக்கு ஒரு சிரிப்பு வரும். 1931இன் இரண்டணா இங்கேதான் வந்து நிற்கிறது. கூலியில் பாதி, தட்டில் மிச்சம். சேரிக்குள்ளும் இந்தக் கணக்கு நடக்கிறது என்பதை நம் ஆண் தோழர்கள் தங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவைச் சாதியோடு வைத்துப் பார்த்த பொருளியலாளர்கள் அஷ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் முக்கியமான ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாக மக்கள் தாங்களே ஒப்புக்கொள்ளும் இடங்களில், அந்தப் பழக்கம் எவ்வளவு பரவலோ அந்த அளவுக்கு நம் குழந்தைகளின் உயரம் குறைகிறது. உயரத்தை அளக்கும் அங்கன்வாடிக் கோல் சாதியையும் அளந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. உச்ச நீதிமன்றம் உணவுரிமை வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று பிறப்பித்த ஆணை, மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. அது வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. உங்கள் ஒன்றியத்தின் சத்துணவுப் பிரிவுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். சமையலர்களில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர் என்று கேளுங்கள். எத்தனை மையங்கள் நம் குடியிருப்புக்குள்ளோ அருகிலோ இருக்கின்றன என்று கேளுங்கள். கடந்த ஐந்தாண்டுகளில் இடமாற்றம் செய்யப்பட்ட நம் சமையலர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்ட காரணம் என்ன என்று கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் எளிதில் வராது. மேல்முறையீட்டு மனுவையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.